பால் நிறுக்கும் வரிசையில் ஞானாதிக்கம்

மணல்மேட்டுத் தோட்டத்தில் ஞானாதிக்கம் என்ற பெயரை முழுசாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர், மாதத்துக்கு ஒருமுறை மலாக்காவிலிருந்து காரில் வந்து போகும் மிஷன் துரைசாணி. அவரும் பாதி வழியில் நாக்குப் புரண்டு நின்றுவிடுவார். இன்னொருவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ராமையா. தபால் வந்தால் உறையைப் படித்துத்தானே கூப்பிட வேண்டும்? மற்ற எல்லாருக்கும் அவள் வாத்தியாரம்மா.

குட்டையான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். வகுப்பில் அவள் வாய்ப்பாடு சொல்லித் தந்தால் மூன்றாவது லயத்து வரிசை வீட்டில் தூளியில் கிடக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று கேலி பேசுவார்கள். துரை, கங்காணி, பாம்பு எதற்கும் பயப்படாதவள். ரத்தம் குடிக்கும் அட்டைக்கு மட்டும் பயம். அதனால் வெயிலோ மழையோ காலில் கான்வாஸ் சப்பாத்து இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

அவள் பிறந்து வளர்ந்தது மலாக்கா பட்டணத்தில். அப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படிக்க வைத்தார், பதினெட்டு வயதில் ஒரு துணிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் மலேரியா மாப்பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு நாலு வருஷம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை, அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனால் வீட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தாலும் தேத்தண்ணி கலக்க எழுந்திருப்பது தான் மட்டுமே என்று ஒருநாள் அவளுக்கு உறைத்தது. 1929இல், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க யார் போவீர்கள் என்று கோவிலில் பாதிரியார் கேட்டபோது, அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே ஞானாதிக்கம் எழுந்து நின்றுவிட்டாள். எந்தத் தோட்டம், எவ்வளவு தூரம் என்றெல்லாம் பிறகுதான் விசாரித்தாள்.

ஆயர் குரோ சாலையில் மாட்டுவண்டி ஏறி, பாதை முடிகிற இடத்தில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தால் தோட்டம். ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கொட்டகையைக் கழுவி விட்டு வகுப்பாக்கினார்கள். சுவரில் படிந்திருந்த கரி எத்தனை கழுவியும் போகவில்லை. அங்கே படித்த பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சுட்ட கருவாடு மாதிரி மணத்தார்கள். சுவரில் ஒரு சிலுவை, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை. காலையில் ஒரு ஜெபம், பிறகு எழுத்து, கணக்கு, பாட்டு, கடைசியில் ஒரு வேதக்கதை. வந்த பிள்ளைகளில் ஒன்றுகூடக் கிறிஸ்தவப் பிள்ளை இல்லை.

பிள்ளைகள் வருவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வாரம் வருவார்கள், மூன்றாம் வாரம் காணாமல் போவார்கள். ஞானாதிக்கம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்க் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்.

“அங்க போயி என்னா படிக்குதுன்னே தெரியல வாத்தியாரம்மா. இங்க இருந்தா தம்பியயாச்சும் பாத்துக்கும்.”

கோபம் வந்தாலும் அதில் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் இருக்கிற பிள்ளை ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்தால் குடம் கண்ணுக்குத் தெரிகிறது. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கினால் கூடை நிறைவது தெரிகிறது. பள்ளிக்கூடம் போன பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவது புகை நாற்றம் ஒன்றைத்தான். விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, தன் மரவரிசையான நிரையை எடுத்து, முந்நூறு மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும் தாய்க்கு எதைக் கண்டு நம்பிக்கை வரும்?

1931ஆம் வருஷம் பிறந்ததும் துரைசாணி ஒரு கெட்ட செய்தியோடு வந்தார். செப்டம்பரில் கவர்மெண்ட் இன்ஸ்பெக்டர் வருவார். பெஞ்சில் இருபது பிள்ளைகளாவது ஒழுங்காக வருகிறார்கள் என்று அவர் எழுதினால்தான் கவர்மெண்ட் உதவிப் பணம் தொடரும். இல்லாவிட்டால் மிஷனால் தனியாகத் தாங்க முடியாது, வகுப்பை மூட வேண்டியதுதான். மூடினால் ஞானாதிக்கத்துக்கு எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அண்ணன் வீட்டு அடுப்பு அணையாமல்தான் இருந்தது.

“இருபதுதானே? இருப்பாங்க” என்றாள் ஞானாதிக்கம்.

துரைசாணிதான் அந்த யோசனையையும் தந்தார். அவருடைய ஊரில் வாராவாரம் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று எழுதிப் பெற்றோருக்கு அனுப்புவார்களாம். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன? பெற்றோருக்குப் படிக்கத் தெரியாதே என்று ஞானாதிக்கம் சொன்னதற்கு, பிள்ளைகள் படித்துக் காட்டட்டுமே, அதுவும் ஒரு பயிற்சிதானே என்றார் துரைசாணி. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் உட்கார்ந்து இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எழுதினாள். எழுதத் தாள் இல்லை. கிராணி ராமையாவிடம் கேட்டாள். அவர் நல்ல மனுஷன், ஆபீஸ் அலமாரியைத் திறந்து ஒரு கட்டு அரைத்தாளை எடுத்துக் கொடுத்தார். மேலே தோட்டத்தின் பெயர் அழகாக அச்சடித்திருந்தது. வெறும் தாளைவிட இது மரியாதையாக இருக்கும் என்று ஞானாதிக்கம் சந்தோஷப்பட்டாள். படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்த தப்பு அது. படிக்காத ஒருத்தியைக் கேட்டிருந்தால் அந்தத் தாளைத் தொடாதே என்று சொல்லியிருப்பாள்.

ஏனென்றால் அது ரப்பர் விலை தரையில் கிடந்த வருஷம். தோட்டங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. போன மாதம்தான் கீழ் லயத்தில் முப்பது குடும்பத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த முப்பது வீட்டுக்கும் முதல் நாள் வந்தது ஓர் அரைத்தாள். மேலே தோட்டத்தின் பெயர் அச்சடித்த அரைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தாளை ஆட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். படித்துக் காட்ட யாரும் அவர்களை விடவில்லை. தாளின் தலையைப் பார்த்த உடனே தங்களையும் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வேலாயி என்ற பால்வெட்டுக்காரி, மாரியம்மா என்ற பெண்ணின் தாய், புருஷனை இழந்து தனி ஆளாய்ப் பிள்ளை வளர்த்தவள், அழவில்லை. நேராகக் கோழிக்கூட்டைத் திறந்து ஏழு கோழிகளையும் கால் கட்டி, சாலையோரச் சீனன் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த விலைக்கு விற்றுவிட்டு வந்தாள். அங்கமுத்து என்ற இன்னொரு பிள்ளையின் தகப்பன், லயத்துக்குப் பின்னால் தான் வைத்த வாழையில் பிஞ்சுக் குலையை வெட்டித் தள்ளினார். தான் போன பிறகு எவனோ தின்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் இருபத்திரண்டு குடும்பங்கள் பால்வெட்டும் கத்தி எடுக்காமல் மூட்டை முடிச்சோடு ஆபீஸ் வாசலில் நின்றன. துரை எழுந்து வந்து பார்த்து, வேலைநிறுத்தம் என்று நினைத்துப் போலீசுக்கு ஆள் அனுப்பப் போனார். கிராணி ராமையாதான் ஓடிவந்து ஒரு தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

“இந்த வாரம் தங்கள் மகள் மாரியம்மாள் நாலாம் வாய்ப்பாடு ஒப்புவித்தாள். மூன்றெழுத்துச் சொற்கள் எழுதப் பழகினாள். தொலைந்த ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதை கேட்டாள்.”

ராமையா இன்னொரு தாளை வாங்கிப் படித்தார். அதிலும் வாய்ப்பாடுதான். மூன்றாவதிலும் வாய்ப்பாடு. அதுவரை அழாத பெண்கள் அப்போதுதான் அழுதார்கள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுக்க, பின்னால் நின்றிருந்த ஞானாதிக்கத்தின் பக்கம் திரும்பியது.

“ஏழு கோழி வாத்தியாரம்மா” என்றாள் வேலாயி. “ஏழு.”

“தப்பு என்னோடது. வா போவலாம்” என்று ஞானாதிக்கம் அவள் கையைப் பிடித்துச் சீனன் கடைக்கு நடந்தாள். ஐந்து கோழிகள் உயிரோடு இருந்தன, இரண்டு சட்டிக்குள் போயிருந்தன. கடைக்காரரிடம் சண்டை போட்டு ஐந்தையும் அதே விலைக்கு மீட்டாள். தன் வீட்டுக்குப் போய், முட்டையிட்டுக்கொண்டிருந்த தன் இரண்டு கோழிகளையும் பிடித்து வேலாயியின் கூட்டில் போட்டாள். அங்கமுத்துவின் வாழைப்பிஞ்சுக்குத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து நாளைக்கு அங்கமுத்து வீட்டில் வாழைக்காய்க் கறிதான்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தது நாலு பிள்ளைகள். மாரியம்மா வரவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் மலாக்காவுக்கு மூட்டை கட்டியிருப்பாள். ஞானாதிக்கம் அந்த நாலு பேருக்கும் இருபத்திரண்டு பேருக்குச் சொல்லித்தருகிற அதே குரலில் சொல்லித் தந்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க மண்டைக்குள் ஒரே யோசனை. பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. தாள் கூடாது. அப்படியானால் வாய்தான். வாயால் சொல்வதென்றால் எங்கே, எப்போது? விடியற்காலைப் பெரட்டில் யாருக்கும் காது திறந்திருக்காது. சாயங்காலம் லயத்தில் ஒரு கை அடுப்பில், ஒரு கை பிள்ளை முதுகில். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் கள்ளுக்கடையில். இப்படி நாளையும் பொழுதையும் அலசிக்கொண்டே போனபோது அவளுக்கு ஸ்டோர் வாசல் ஞாபகத்துக்கு வந்தது.

பால் எடுத்து முடித்த எல்லாரும் மத்தியானம் ஸ்டோருக்குத்தான் வர வேண்டும். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால்வாளி தொங்க, ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். கிராணி ஒவ்வொரு வாளியாக நிறுத்துப் பதியும் வரை ஒரு மணி நேரம் போல ஆகும். கைக்கு வேலை இல்லை, காலுக்கு வேலை இல்லை, வெற்றிலை மெல்லும் வாய்க்கு மட்டும்தான் வேலை. தோட்டத்தில் பெரியவர்கள் சும்மா நிற்கிற ஒரே இடம் அதுதான். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் வரிசை வேறு பக்கம் பார்த்தது. அவள் நேராக வேலாயியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“மாரியம்மா இந்த வாரம் வரல. அதனால புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. போன வாரத்த சொல்றேன். நாலாம் வாய்ப்பாடு தண்ணி மாதிரி சொல்லுது. எழுத்து குண்டு குண்டா அழகா வருது. ஆனா கழிக்கிற கணக்குல கடன் வாங்க மறந்துடுது.”

வேலாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு வரிசை முழுவதும் கேட்க வேண்டும் என்றே உரக்கக் கேட்டாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்லா. எங்க புள்ளைங்கள வேதத்துல சேத்துடுவீங்களா? அத சொல்லுங்க மொதல்ல.”

ரொம்ப நாளாக எல்லார் வயிற்றிலும் கிடந்த கேள்வி அது. வரிசையில் வாய்கள் மெல்வதை நிறுத்தின. ஞானாதிக்கம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“நான் ஏசுசாமிய கும்புடுறவ. அத மறைக்கல. காலையில ஜெபம் பண்றேன், கத சொல்றேன். என்னா கத சொன்னேன்னு வாராவாரம் இதே எடத்துல வந்து ஒண்ணு விடாம சொல்லுவேன். புடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாம ஒங்க புள்ள காதுல ஒரு வார்த்த போவாது. இது போதுமா?”

“சரி, என்னா கத சொன்னீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டார் அங்கமுத்து. வாழைப்பிஞ்சுக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஞானாதிக்கம் மேய்ப்பன் கதையைச் சொன்னாள். நூறு ஆடு, அதில் ஒன்று தொலைந்தது, தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

அங்கமுத்து ஊரில் ஆடு மேய்த்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை. “ஏன் வாத்தியாரம்மா, அந்த ஆளுக்குப் புத்தி இருக்கா? தொண்ணூத்தொம்பத யாரு பாத்துக்குவா? நரி வந்தா?”

வரிசையே சிரித்தது. ஒருவர் மேய்ப்பன் பக்கம் பேச, இன்னொருவர் அங்கமுத்து பக்கம் பேச, தொலைந்தது தன் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒரு பெண் கேட்க, பால் நிறுத்து முடியும் வரை ஆட்டுப் பேச்சுத்தான். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்து வாளியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“கடன் வாங்க மறந்துடுதுன்னீங்களே, அது என்னா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். முதல் பெஞ்சில் மாரியம்மா.

அதன்பிறகு சனிக்கிழமை தவறியதில்லை. நோட்டுப் புத்தகம் எதுவும் கொண்டுபோக மாட்டாள், தாள் என்றாலே அவர்களுக்கு ஊருக்கு அனுப்பும் தாள்தான் ஞாபகம் வரும் என்று தெரியும். அத்தனை பிள்ளைகளின் வாரமும் தலைக்குள்ளேயே இருந்தது. சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். தெரிந்ததை வரிசையில் எல்லாரும் கேட்கச் சொல்வாள். தடுக்கி விழுவதை, வாளி கழுவும் குழாயடிக்கு அவர்கள் போன பிறகு, பக்கத்தில் நின்று மெல்லச் சொல்வாள். அந்தக் கனத்த குரலை எப்படித்தான் அடக்கினாளோ! சேட்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள், சொன்னால் அன்று சாயங்காலமே லயத்தில் விளக்குமாறு பேசும். வீரப்பன் கங்காணி, ஸ்டோர் வாசல் சந்தைக்கடை ஆகிவிட்டதென்று ஒருமுறை முணுமுணுத்தார். வரிசையில் முன்னே போகச் சண்டை போடுவது நின்றுபோயிற்று, உமக்கு அதில் என்ன நஷ்டம் என்று ராமையா கேட்டதும் அடங்கிவிட்டார்.

ஆகஸ்டு முடியும்போது பெயரேட்டில் இருபத்து மூன்று பிள்ளைகள். மூன்றாம் வாரம் யாரும் காணாமல் போகவில்லை. ஞானாதிக்கம் இன்ஸ்பெக்டரைக் கல்யாண வீட்டார் மாப்பிள்ளையை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு முன்னால் அம்மை வந்தது. செப்டம்பர் முதல் வாரம் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை. நாலே நாளில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு. லயத்து வாசலெல்லாம் வேப்பிலை. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்து, மூன்று வாரத்துக்கு வகுப்பைப் பூட்டச் சொல்லிவிட்டார். டிரெஸ்ஸர் மகளுக்கு அதில் மறுபேச்சு இல்லை, தானே பூட்டினாள். இன்ஸ்பெக்டர் வரும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி மலாக்காவுக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் கால் தானாக ஸ்டோருக்கு நடந்தது.

“இந்த வாரம் என்னா?” என்றாள் வேலாயி, வழக்கம்போல.

“வகுப்பே நடக்கலியே வேலாயி. என்னத்த சொல்ல?”

“அப்ப எங்ககிட்ட சொல்லுங்க. வகுப்பு நடந்திருந்தா என்னா சொல்லியிருப்பீங்களோ அத சொல்லுங்க. புள்ள பாயில சும்மாதானே கெடக்கு? நாங்க போயி சொல்றோம்.”

மூன்று மாதமாக இவர்களுக்குத் தான் தெரிவித்துக்கொண்டிருப்பதாக ஞானாதிக்கம் நினைத்திருந்தாள். இவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. வரிசையில் ஒவ்வொருவராக நிறுத்தி, இன்னாருக்கு ஆறாம் வாய்ப்பாடு, இன்னாருக்கு எட்டாம் வாய்ப்பாட்டில் பாதி, இன்னாருக்கு ஒரு பாட்டு என்று சொல்லிக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து பால்மரக் காட்டில் வேடிக்கையான சத்தம் கேட்டது. ஒரு நிரையில் ஆறாம் வாய்ப்பாடு, அடுத்த நிரையில் எட்டாம் வாய்ப்பாடு. சாயங்காலம் பிள்ளைக்குச் சொல்லும்போது தப்பிவிடக் கூடாதே என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டே வெட்டினார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நறுக்கு மீசை, வெள்ளைக் கோட்டு. ஞானாதிக்கம் பூட்டைத் திறந்து காட்டினாள். நாலு பெஞ்சும் காலி. டிரெஸ்ஸர் உத்தரவைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் பேனாவைத் திறந்தார்.

“விளங்குது ரீச்சர். ஆனால் நான் கண்டதைத்தான் எழுதலாம். இருபத்து மூண்டு பேர் படிக்கினம் எண்டு இந்த ஏடு மட்டும் சொல்லுது. ஏட்டில ஆரும் எழுதலாம். இதுகள் உண்மையில வந்து படிச்சதுகள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ஞானாதிக்கம் ஒரு நிமிஷம்தான் யோசித்தாள்.

“ஏட்ட எடுத்துக்கிட்டு என்னோட ஸ்டோருக்கு வாங்க சார். கோட்டுல பால் படாம பாத்துக்குங்க, பட்டா போவாது.”

ஸ்டோர் வாசலில் வரிசை நீண்டு நின்றது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஞானாதிக்கம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். இன்ஸ்பெக்டர் ஏட்டைத் திறந்து விரல் போன இடத்தில் ஒரு பெயரைப் படித்தார்.

“மாரியம்மா. இந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் ஆர்?”

“நாந்தாங்க” என்றாள் வேலாயி, காண்டாவை இறக்காமலே.

“உம்மட மகள் பள்ளியில என்ன படிச்சவள்?”

“எந்த வாரத்தக் கேக்குறீங்க?”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். வேலாயி ஜூனிலிருந்து தொடங்கினாள். வாய்ப்பாடு எது எந்த வாரம், எந்தக் கதை எந்த வாரம், கடன் வாங்கிக் கழிப்பதை மகள் எந்த வாரம் பிடித்துக்கொண்டாள் எல்லாம் வந்தது. “இப்ப எட்டாம் வாய்ப்பாடு சொல்றா. ஆறெட்டுல வந்து ஒவ்வொரு தடவையும் தடுக்கி நிக்கிறா. அங்க மட்டும் என்னான்னு தெரியல.”

அவர் இன்னொரு பெயரைப் படித்தார். அங்கமுத்து முன்னே வந்தார். மகன் நன்றாகக் கூட்டுவான், கையெழுத்துத்தான் கோழி கிளறின மாதிரி என்றார். “கதயும் நல்லா சொல்றான் சார். அந்த ஆட்டுக்காரன் கத எனக்குத்தான் இன்னும் ஒத்துக்கல. அத வாத்தியாரம்மாகிட்டயே சொல்லிட்டேன்.”

மூன்றாவது பெயர், நாலாவது, பத்தாவது. ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஒவ்வொருவரும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொன்னதோடு எது தெரியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ஞானாதிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

“இவையள் சொல்லிக் குடுத்துக் கொண்டுவந்த ஆக்கள் எண்டுதான் முதல் நினைச்சனான். ஆனால் சொல்லிக் குடுக்கிற ஆள் பிள்ளையின்ர பிழையளையோ சொல்லிக் குடுக்கும்?” பிறகு வேலாயியைப் பார்த்தார். “உமக்கு வாசிக்கத் தெரியுமோ?”

“தெரியாதுங்க. அவங்க வந்து சொல்லுவாங்க. சொல்லலன்னா நாங்க வுடுறதில்ல.”

இன்ஸ்பெக்டர் வாளி ஒன்றின் விளிம்பில் ஏட்டை வைத்து எழுதினார். எழுதியதை எல்லாரும் கேட்கும்படி சொன்னார். இன்று வந்த பிள்ளைகள் பூஜ்யம், அதை மாற்ற முடியாது. ஆனால் அம்மை இறங்கிய பிறகு தான் இன்னொருமுறை வந்து பார்க்கும் வரை இந்த வகுப்பை யாரும் மூடக் கூடாது, உதவியையும் நிறுத்தக் கூடாது. வகுப்பு நடத்தப்படும் விதம் தனக்குத் திருப்தி. ஞானாதிக்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அதிகம் என்று ராமையாவிடம் பொய் சொன்னாள்.

“மூண்டு கிழமை கழிச்சு வாறன்” என்று இன்ஸ்பெக்டர் மூன்று வாரம் தள்ளி டைரியைப் புரட்டினார். “மூண்டாந் தேதி. சனிக்கிழமை. பிள்ளையளை எல்லாம் கூப்பிட்டு வையுங்கோ ரீச்சர்.”

“சனிக்கெழம வேணாங்க” என்றாள் வேலாயி.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கவர்மெண்ட் ஆளிடம் அந்தத் தோட்டத்தில் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேலாயி காண்டாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“மத்த நாளெல்லாம் அவங்க புள்ளைங்களுக்கு. சனிக்கெழம எங்களுக்கு. நீங்க வேற நாள் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் சனிக்கிழமையை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமை என்று எழுதிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள்.